கடல் கடந்த மென்பொருள் பணி: 'சரி' என்ற சொல்லுக்குள் மறையும் சிக்கல்

நியூயார்க்கில் காலை ஒன்பது மணியாகும்போது சென்னையிலும் கொழும்பிலும் குளிர்காலத்தில் இரவு ஏழரை மணி. கோடையில் மாலை ஆறரை மணி. ஒரு நாடு உறங்கும் வேளையில் மற்றொரு நாட்டில் வேலை தொடரும் என்பதே, கடல் கடந்து மென்பொருள் பணிகளை ஒப்படைப்பதற்குச் சொல்லப்பட்ட முக்கிய நியாயங்களில் ஒன்று.

நடைமுறை அவ்வளவு எளிதல்ல. சென்னையில் காலையில் எழும் ஐயத்திற்கு விடை கிடைக்க மாலை வரை காத்திருக்க வேண்டும். உடனடி விடை தேவையெனில் இரு தரப்பில் ஒருவர் இரவில் விழித்திருக்க வேண்டும். பெரும்பாலும் விழித்திருப்பவர், பணியைப் பெற்றுக்கொண்ட தரப்பினரே.

நேர வேறுபாட்டைக் கணக்கிட்டுச் சமாளிக்கலாம். மௌனத்தைச் சமாளிப்பதுதான் கடினம். கூட்டத்தில் இந்தியப் பொறியாளர் 'சரி' என்கிறார். தாம் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டதாக அமெரிக்க மேலாளர் கருதுகிறார். கேட்டுக்கொண்டேன் என்பதே பல வேளைகளில் அதன் பொருள். குறித்த நாளில் பணி முடியாதபோதுதான் இந்த வேறுபாடு வெளிப்படுகிறது.

இதைப் பண்பாட்டின் விளைவாகக் காண்போர் உண்டு. நெதர்லாந்து அறிஞர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1980இல் வெளியிட்ட ஆய்வைத் தொடர்ந்து புழக்கத்துக்கு வந்த 'அதிகார இடைவெளி' குறியீட்டில் இந்தியாவுக்கு 77 புள்ளிகளும் அமெரிக்காவுக்கு 40 புள்ளிகளும் வழங்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த ஆய்வு ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் நடத்தப்பட்டது. மேலும், ஒப்பந்தம் கைநழுவிவிடும் என்று அஞ்சுபவர் எந்த நாட்டவராயினும் 'முடியாது' என்று கூறத் தயங்குவார். ஆகவே இது பண்பாட்டுப் பிரச்சினை என்பதைவிட அதிகாரப் பிரச்சினை என்பதே பொருத்தம்.

இவ்விடைவெளியை இதுவரை ஓரளவு நிரப்பி வந்தவர்கள், வாடிக்கையாளரின் அலுவலகத்திலேயே அமர்ந்து இரு தரப்பையும் இணைத்த புலம்பெயர் பொறியாளர்கள். புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் 2025 செப்டம்பரில் அறிவித்தது, இத்தகையோரைப் புதிதாக அனுப்பும் செலவைப் பன்மடங்காக்கும் நடவடிக்கையாகும். பணி இந்தியாவுக்கு மேலும் நகரக்கூடும். பாலமாக இருப்போர் குறையக்கூடும்.

இந்நிலையில், இரவுக் கூட்டங்களை இரு தரப்பும் முறைவைத்து ஏற்பதும், மேலாளரை மட்டுமன்றி நிரல் எழுதுபவரையும் பேச அழைப்பதும், ஐயம் எழுப்புபவரைத் தண்டிக்காதிருப்பதும் வெறும் நற்பண்புகள் அல்ல. ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டிய நிபந்தனைகள்.