வழிநடந்தோரே வழிநடத்துவர்

தம் பிள்ளை தலைமை தாங்க வேண்டுமென்று விரும்பாத பெற்றோர் இலர். விழா நாடகத்திற்கூட அரசன் வேடமே கேட்கின்றனர். ஆனால், நல்ல அமைச்சராக இருக்கப் பழகாதவர் நல்ல அரசராதல் அரிது.

ஊரிலே மாணவரை வழிநடத்திய நாம், அகதிகளாய் இந்நாடு வந்தபின், தொழிற்சாலையில் நம் மாணவர் வயதினரின் சொற்கேட்டு வேலை செய்யலானோம். முதலில் அது தாழ்வாகவே பட்டது. நாளடைவில் ஒன்றை உணர்ந்தோம். மேற்பார்வையாளர் பிழைவிட்ட வேளையில், பலர்முன் இகழாது தனியே சென்று எடுத்துரைத்த தொழிலாளியின் சொல்லே ஏற்கப்பட்டது. பின்னர் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

தலையாட்டுவது பின்பற்றுதல் ஆகாது. சொன்னதை விளங்கி, ஏற்றதை முடித்து, தவறு கண்டவிடத்து அஞ்சாது உரைப்பதே பின்பற்றுதல். வள்ளுவரும் இறைமாட்சி கூறியதோடு அமையாது, மன்னரைச் சேர்ந்தொழுகலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றார். சமயம் வேறாயினும் ஏற்ற பணியைச் செவ்வனே செய்தார். 1848இல் அங்கிருந்து விலகி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிறர்கீழ்ப் பணியாற்றிய காலமே அவருக்குப் பாடசாலை நடத்தும் பயிற்சியுமாயிற்று.

நாளை அலுவலகங்களிற் பணியேற்கவுள்ள நம் இளைஞரும் முதல்நாளே மேலாளர் ஆகப்போவதில்லை. அந்த இடைக்காலத்தை வீணென்று எண்ணாதிருக்க அவர்களைப் பழக்குதல் நம் கடன். பெற்றோரே, அடுத்த விழாவில் உங்கள் பிள்ளைக்கு அமைச்சர் வேடம் கிடைத்தால் மனமுவந்து ஏற்கச் செய்யுங்கள்.