இன்னும் எத்தனை 'கடைசி ப்ளூஸ் கலைஞர்கள்'?

அமெரிக்கத் தென்மாநிலங்களின் ப்ளூஸ் இசையைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளுக்கு மாறாத வாய்பாடு ஒன்று உண்டு. வெயிலில் வெளிறிய மரவீடு, அதன் திண்ணையில் ஒரு கறுப்பின முதியவர், மடியில் பழைய கிதார். மேலே தலைப்பு: 'கடைசி ப்ளூஸ் கலைஞர்'. 1963இல் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டையும், 1964இல் ஸ்கிப் ஜேம்ஸையும் சன் ஹவுஸையும் வெள்ளை இளைஞர்கள் தேடிப்பிடித்து மேடையேற்றிய காலந்தொட்டு இந்த வாய்பாடு நிலைபெற்றிருக்கிறது. அறுபது ஆண்டுகளாகக் 'கடைசி மனிதர்கள்' ஒருவர்பின் ஒருவராக இறந்துகொண்டேயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இரங்கற்பா பாடப்படுகிறது. அடுத்த கடைசி மனிதர் சில ஆண்டுகளில் கண்டெடுக்கப்படுகிறார். தமிழில் உலக இசை குறித்து எழுதுவோர் பலரும் இந்தச் சரக்கை அப்படியே இறக்குமதி செய்கிறார்கள். நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற ராபர்ட் ஜான்சன் கதையில் தொடங்கி, 'அந்த இசை இனி இல்லை' என்ற பெருமூச்சில் முடிப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

இந்தப் பெருமூச்சு அஞ்சலி போலத் தோன்றும் அவமதிப்பு என்பதே நம் வாதம். உயிரோடிருப்பவர்களை இல்லையென்று சொல்வது, அவர்களுடைய பிழைப்பையும் உரிமையையும் பாதிக்கும் செயல். பொதுவில் பேசுவதைவிட ஒரு சான்றை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. வடமிசிசிப்பியின் செட்ரிக் பர்ன்சைடை எடுத்துக்கொள்வோம்.

முதலில் நிலம். மிசிசிப்பி என்றதும் நம் நினைவுக்கு வருவது டெல்டா. ஆற்று வண்டல் படிந்த சமவெளி, பெரும் பருத்திப் பண்ணைகள். அதற்குக் கிழக்கே மேடும் பள்ளமுமான குன்றுப் பகுதி இருக்கிறது. ஹோலி ஸ்பிரிங்ஸ், கோமோ, செனட்டோபியா போன்ற சிற்றூர்கள் அங்கே உள்ளன. இந்நிலத்தின் ப்ளூஸ், நாம் பொதுவாக அறிந்த ப்ளூஸின் இலக்கணத்துக்குள் அடங்குவதில்லை. பன்னிரண்டு தாள அளவைகள், அவற்றுக்குள் முறைப்படி மாறும் மூன்று சுரக்கூட்டுகள் என்ற சட்டகம் இங்கே கட்டாயமல்ல. பல பாடல்கள் ஒரே சுரக்கூட்டில் நின்று சுழல்கின்றன. ஒரு சிறு இசைத்தொடர் மீண்டும் மீண்டும் வந்து, ஒவ்வொரு சுற்றிலும் நூலிழை அளவு மாறி, கேட்பவரை ஆட்டத்துக்குள் இழுக்கிறது. கிதாரே பாதி தாளவாத்தியம். இப்பகுதியில் நெடுங்காலமாக வாழும் குழல்-முரசு இசையோடு இதற்குள்ள உறவைக் காது உடனே கண்டுகொள்ளும். மூங்கில் குழலூதிய ஓத்தா டர்னர் 2003இல் மறைந்தார். அவருடைய பேத்தி ஷார்டே தாமஸ் சிறுமியாக இருந்தபோதே அவரிடம் குழல் கற்று, அக்குழுவைத் தொடர்ந்து நடத்தினார். இங்கும் 'கடைசி' என்ற சொல் பொய்த்தது.

அடுத்து மனிதர்கள். 1959இல் ஆலன் லோமாக்ஸும் ஷெர்லி காலின்ஸும் கோமோவில் ஃப்ரெட் மெக்டவல் என்ற உழவரின் பாட்டைப் பதிவுசெய்தார்கள். அவருடைய வழியில் வந்தவர் ஆர். எல். பர்ன்சைட் (1926-2005). குத்தகை உழவராகவும் மீன் பிடிப்பவராகவும் வாழ்ந்தவர். 1967இல் ஜார்ஜ் மிட்செல் பதிவுசெய்த பிறகும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வெளியுலகின் கவனத்துக்கு அப்பாலிருந்தவர். அவருடைய அண்டைவாசி எனத்தக்க ஜூனியர் கிம்ப்ரோ (1930-1998) சூலஹோமாவில் ஒரு ஜூக் ஜாயிண்ட் நடத்தினார். ஜூக் ஜாயிண்ட் என்பதை மதுக்கடை என்று மொழிபெயர்த்தால் பாதிதான் சரி. வாரம் முழுவதும் உழைத்த மக்கள் கூடிக் குடித்து, ஆடி, பாடிக் கலையும் ஊர்ப்பொது இடம் அது. கிம்ப்ரோ குடும்பமும் பர்ன்சைட் குடும்பமும் அங்கே மாறி மாறி வாசித்தன. பிள்ளைகள் பள்ளி சென்று இசை கற்கவில்லை. கூட்டத்தின் கால்களைப் பார்த்துத் தாளம் கற்றார்கள். 2000இல் அந்த இடம் தீக்கிரையானது.

1978இல் பிறந்த செட்ரிக், ஆர். எல்.லின் பேரன், ஆர். எல்.லுக்கு டிரம்ஸ் வாசித்த கால்வின் ஜாக்சனின் மகன். பதின்ம வயதிலேயே தாத்தாவின் பின்னால் டிரம்ஸோடு அமர்ந்து ஊர் ஊராகச் சென்றவர். டிரம்ஸ் கலைஞராகப் பெயர் பெற்ற பின் கிதாரைக் கையிலெடுத்தார். 2018இல் 'பென்டன் கவுன்ட்டி ரெலிக்', 2021இல் 'ஐ பி ட்ரையிங்', 2024இல் 'ஹில் கன்ட்ரி லவ்' என்று இசைத்தொகுப்புகள் வந்தன. இவற்றைக் கேட்பவர்கள் தாத்தாவின் நகலைத் தேடினால் ஏமாறுவார்கள். 'ஐ பி ட்ரையிங்' மெம்ஃபிஸின் ராயல் ஸ்டூடியோவில், லாரன்ஸ் 'பூ' மிட்செலின் தயாரிப்பில் உருவானது. அல் கிரீனின் புகழ்பெற்ற சோல் பாடல்கள் பிறந்த கூடம் அது. அந்தக் கூடத்தின் மென்மை இத்தொகுப்பில் படிந்திருக்கிறது. ஆர். எல்.லின் குரல் கூட்டத்தை நோக்கி எள்ளலோடு முழங்கும். செட்ரிக்கின் குரல் தாழ்ந்து, தன்னையே விசாரித்துக்கொள்ளும். சுழலும் தாளம் அதே தாளம்தான். அதன்மேல் நின்று பேசும் மனிதர் வேறொரு தலைமுறையினர்.

இனி வழக்குக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு கிராமி விருதுகளின் ப்ளூஸ் பிரிவுகளைக் கவனியுங்கள். பிரிவுகள் இரண்டு: 'மரபு ப்ளூஸ்', 'சமகால ப்ளூஸ்'. செட்ரிக்கின் 'ஐ பி ட்ரையிங்' முதல் பிரிவில் போட்டியிட்டு வென்றது. அதே ஆண்டு, ஒஹாயோவிலிருந்து வந்த தி பிளாக் கீஸ் என்ற ராக் இசைக்குழுவின் 'டெல்டா க்ரீம்' இரண்டாம் பிரிவில் பரிந்துரை பெற்றது. 'டெல்டா க்ரீம்' என்பது என்ன? ஜூனியர் கிம்ப்ரோ, ஆர். எல். பர்ன்சைட், ஃப்ரெட் மெக்டவல் முதலியோரின் பழைய பாடல்களை மீண்டும் வாசித்த தொகுப்பு. 'ஐ பி ட்ரையிங்' என்பது என்ன? பெரும்பாலும் செட்ரிக் தாமே எழுதிய புதிய பாடல்கள். தாத்தாவின் பாடல்களை வெளியார் வாசித்தால் அது சமகாலம். பேரன் புதிதாக எழுதிப் பாடினால் அது மரபு! இதைவிடத் தெளிவான சான்று நமக்கு வேண்டியதில்லை. 'மரபு' என்ற சொல் இங்கே இசையின் தன்மையைக் குறிக்கவில்லை. பாடுபவர் எங்கே பிறந்தார், யாருக்குப் பிறந்தார் என்பதையே குறிக்கிறது.

மறுப்புகள் வரும். எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்பதை வெளியீட்டாளர்கள்தாமே விண்ணப்பத்தில் தெரிவிக்கிறார்கள், இதில் சதி எங்கே என்று கேட்கலாம். சதி என்று நாம் சொல்லவில்லை. சந்தை எந்த அலமாரியில் யாரை வைத்தால் விற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்கிறோம். சதியாக இருந்திருந்தால் அம்பலப்படுத்தி ஒழிக்கலாம்; பழக்கத்தை ஒழிப்பதுதான் கடினம். அதே சமகாலப் பிரிவில் வென்றவர் கிளார்க்ஸ்டேலில் 1999இல் பிறந்த கறுப்பின இளைஞர் கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்கிராம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய தொகுப்பின் பெயர் '662'. வடமிசிசிப்பியின் தொலைபேசிக் குறியீட்டு எண் அது. இருபத்துமூன்று வயதுக்காரர் தன் ஊரின் எண்ணைத் தலைப்பாக வைத்துப் பரிசு பெறுகிறார். 'இறந்துபோன' இசைக்கு இது விந்தையான மரணம்தான்.

இரண்டாம் மறுப்பு வலுவானது. வெளியாட்கள் வராமலிருந்தால் இந்த இசை நமக்குக் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. 1990களின் தொடக்கத்தில் மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் தோன்றிய ஃபேட் பாசம் என்ற சிறு நிறுவனம்தான் கிம்ப்ரோவையும் ஆர். எல்.லையும் உலகுக்குக் கொண்டுசென்றது. அறுபது வயதைக் கடந்த அவர்களுக்கு ஒரு புதிய வாழ்வைத் தந்தது. அந்தக் கடனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதே நிறுவனம் அவர்களை எப்படி விற்றது என்பதையும் பார்க்க வேண்டும். குடியும் வன்முறையும் முரட்டுத்தனமும் நிறைந்த, நாகரிகம் தீண்டாத கிழவர்கள் என்ற சித்திரம் ராக் ரசிகர்களுக்கு விருந்தாகப் படைக்கப்பட்டது. அந்தச் சித்திரத்தில் குடும்பத்துக்கு இடமில்லை, கற்பிக்கும் ஆசிரியனுக்கு இடமில்லை, ஆகவே வாரிசுக்கும் இடமில்லை. காட்டில் தானாக முளைத்தவனுக்குப் பேரன் எப்படி இருப்பான்? 'கடைசி மனிதர்' என்ற பட்டம் இந்தச் சித்திரத்தின் தவிர்க்கமுடியாத முடிவு.

மூன்றாவதாகத் தூய்மைவாதிகள். சோல் இசை கலந்துவிட்டது, ஸ்டூடியோ மெருகு ஏறிவிட்டது, பழைய கரடுமுரடு இல்லை என்பது இவர்கள் முறையீடு. இவர்களுக்கு நம் இலக்கண மரபிலேயே விடை இருக்கிறது. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என்று வகுக்கிறார். வழிநூல் என்பது முதனூலின் பொருளோடு ஒத்துநின்று, பின்வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்வது. வேறுபாடு அங்கே குற்றமில்லை. அதுவே வழிநூலின் இலக்கணம். வேறுபாடே இல்லாவிட்டால் அதற்குப் பெயர் படி. செட்ரிக்கிடம் தூய்மைவாதிகள் கேட்பது படியை. அவர் தருவது வழிநூல். மேலும், ஆர். எல். தாமே மெக்டவலிடமிருந்து விலகி மின்கிதாரின் இரைச்சலை ஏற்றவர். எழுபதை எட்டும் வயதில் 1996இல் ஜான் ஸ்பென்சர் குழுவோடு இணைந்து பதிவுசெய்தவர். முதனூல் என்று இவர்கள் வணங்குவதே ஒரு வழிநூல்தான்.

இதில் என்ன குடிமுழுகிப்போகிறது என்று வாசகர் கேட்கலாம். மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது பிழைப்பு. செத்த இசைக்குத் தொகுப்பு வெளியீடும் அருங்காட்சியகமும் போதும். உயிருள்ள இசைக்கு மேடையும் ஊதியமும் பாடலுரிமைத் தொகையும் வேண்டும். இரண்டாவது பெயர். கிம்ப்ரோவின் பிள்ளைகள் தம் தந்தையின் இசையைக் 'காட்டன் பேட்ச் சோல் ப்ளூஸ்' என்று அழைத்து, அப்பெயரிலேயே ஹோலி ஸ்பிரிங்ஸில் விழா நடத்துகிறார்கள். விமர்சகர்கள் வைத்த பெயர் உலகெங்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டார் சொல்லும் பெயர் எத்தனை கட்டுரைகளில் வந்திருக்கிறது? மூன்றாவது இடம். எரிந்துபோன ஜூக் ஜாயிண்டுக்கு ஈடு இல்லை. 2006இல் கென்னி பிரவுன் தொடங்கிய குன்றுப்பகுதி இசைவிழா போன்றவை அந்த வெற்றிடத்தின் ஒரு பகுதியை நிரப்புகின்றன. ஆர். எல்.லோடு ஆண்டுக்கணக்கில் வாசித்த வெள்ளையர் அவர். 'டெல்டா க்ரீம்' தொகுப்பிலும் வாசித்திருக்கிறார். ஆகவே நாம் கேட்பது வெளியாருக்குத் தடை அல்ல. வந்து கற்றவர் அங்கேயே நின்று இடத்தையும் காப்பாற்றினால் அவர் ஊர்க்காரர். பாட்டை எடுத்துக்கொண்டு, பாடியவரின் வாரிசைக் காட்சிப்பொருளாக்குவதைத்தான் எதிர்க்கிறோம்.

2021இல் அமெரிக்கத் தேசியக் கலை நிறுவனம் செட்ரிக்குக்குப் பாரம்பரியக் கலைஞர்களுக்கான தன் உயரிய நல்கையை வழங்கியது. மகிழ்ச்சிதான். ஆனால் 'பாரம்பரியம்' என்ற அந்தச் சொல்லைக் கையாளும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும் என்று எழுதுவோரைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்தமுறை தென்மாநில ப்ளூஸ் பற்றி எழுத அமரும்போது, சாத்தான் கதைக்கு முன்பாக 'ஐ பி ட்ரையிங்' தொகுப்பை ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள். அதில் செட்ரிக்குப் பின்னால் ஒலிக்கும் குரல்களில் ஒன்று அவருடைய மகளுடையது. அதாவது, ஆர். எல். பர்ன்சைடின் கொள்ளுப்பேத்தியுடையது. கேட்டு முடித்த பின்னும் 'கடைசி' என்று எழுதக் கை துணிந்தால், யாருக்குக் கடைசி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.