மலிவு பேட்டரியும் பழைய சார்ஜரும்



மின்சார ஸ்கூட்டருக்கு மாற்று பேட்டரி வாங்குவோர் விலையையும் லேபிளில் உள்ள வோல்ட் எண்ணையும் மட்டுமே பார்ப்பது போதாது. ‘48 வோல்ட்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படும் லித்தியம் பேட்டரிகளுள், இரும்பு பாஸ்பேட் செல்கள் 16 தொடராக இணைந்தது முழு சார்ஜில் 58.4 வோல்ட்டையும், நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் செல்கள் 13 இணைந்தது 54.6 வோல்ட்டையும் எட்டுகின்றன. முன்னதன் சார்ஜரைப் பின்னதில் செருகினால், 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டிய ஒவ்வொரு செல்லும் 4.5 வோல்ட்டை நெருங்க, செல்களைக் கண்காணித்து வரம்பு மீறும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ‘பி.எம்.எஸ்.’ என்னும் மேலாண்மைச் சுற்று ஒன்றே தீயைத் தடுக்க மிஞ்சும். விலை குறைந்த பேட்டரியில் அச்சுற்றின் தரமே முதலில் ஐயத்துக்குரியது.

எடை சற்றுக் கூடினாலும், வெப்பத்தை நன்கு தாங்கி நீண்ட காலம் உழைக்கும் இரும்பு பாஸ்பேட் வகையே நம் கோடைக்கு ஏற்றது. லெட் ஆசிட் வகையை வாங்குவோர், ஸ்கூட்டரில் உள்ள நான்கு பேட்டரிகளில் பழுதான ஒன்றை மட்டும் மாற்றுவது (மெக்கானிக்குகள் சிலர் பரிந்துரைக்கும் சிக்கனம் இது) புதியதையும் பழையவற்றோடு சேர்த்து விரைவில் கெடுத்துவிடும்.

செல் வகையையும் முழு சார்ஜ் வோல்ட்டையும் லேபிளில் அச்சிடுமாறு விற்பனையாளர்களைப் போக்குவரத்துத் துறை கட்டாயப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு