“விஷவாயு தாக்கி” என்று எழுதாதீர்கள்

மலக்குழிக்குள் ஒருவர் இறந்தால் மறுநாள் செய்தித்தாளில் வரும் வாசகம் நமக்கு மனப்பாடம்: “விஷவாயு தாக்கி தொழிலாளி பலி”. ஏதோ வாயு பதுங்கியிருந்து பாய்ந்ததுபோல! இறந்தவர் வீட்டுக்கும் பிணவறைக்கும் இழப்பீட்டு மனுவோடு அலைகிற நாங்கள் கேட்பது வேறு. அந்த வாயு அங்கே எப்படி வந்தது?

பாதாளச் சாக்கடையில் ஓடுவது வெறும் தண்ணீர் அல்ல. மணல், மலம், துணி, நாப்கின், உறைந்த எண்ணெய் எல்லாம் கலந்து ஓடுகிறது. வேகம் இருக்கும்வரை நீரின் கொந்தளிப்பு இவற்றைத் தூக்கிக்கொண்டு போகும். வேகம் குறைந்தால் கனமானது அடியில் உட்காரும், அதன்மேல் அடுத்தது. காற்றுப் புகாத அந்தப் படிவு அழுகி ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. சேற்றுக்குள் அடைபட்டிருக்கும் வாயு, ஒருவர் இறங்கிக் கம்பால் கிளறும்போது குபீரென்று வெளியேறுகிறது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம்கூடத் தெரியாது.

இதில் விதி எங்கே இருக்கிறது? எல்லாம் கணக்குதான். குழாயில் உச்ச ஓட்டத்தின்போது வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும் என்று மத்திய அரசின் கையேடே சொல்கிறது. கொந்தளிக்கும் திரவத்தில் திடத்துகள்கள் எப்படிப் போகும் என்பதைக் கணினியில் உருவகப்படுத்தத் தனித்துறையே இருக்கிறது. நீரைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, துகள்களைத் தனித்தனியே பின்தொடர்ந்து, எது எங்கே படியும் என்று பார்க்கிறார்கள். ஓப்பன்ஃபோம் மென்பொருள் இலவசம். ஊர் முழுக்க உள்ள குழாய்களுக்கு அவ்வளவு நுணுக்கம்கூட வேண்டாம். அமெரிக்காவில் 1971-இல் உருவான எஸ்.டபிள்யூ.எம்.எம். என்ற மென்பொருளே எந்தக் குழாயில், எந்த நேரத்தில், என்ன வேகம் என்று சொல்லிவிடும். அதுவும் இலவசம்தான்.

நம் நாட்டுக்கு இது தெரியாததா? குதிரேமுக் மலையிலிருந்து மங்களூர் வரை 67 கிலோமீட்டர் குழாயில் இரும்புத்தாதுக் கூழை அனுப்பியவர்கள் நாம். தண்ணீரைவிட ஏறக்குறைய 5 மடங்கு கனமான தாது அது. அங்கே படிந்தால் ஏற்றுமதி நின்றுவிடும், அதனால் கணக்குப் போட்டார்கள். சாக்கடையில் படிந்தால் இறக்கிவிட ஒரு சாதி இருக்கிறது.

“துணியும் நாப்கினும் உருண்டை மணிகள் இல்லையே, கணக்கில் பிடிபடாது” என்றார் எங்களிடம் பேசிய பொறியாளர் ஒருவர். உண்மைதான், பெரும்பாலான மாதிரிகள் துகளை உருண்டையாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அந்தத் துணியைக் கையால் உருவியெடுத்தவர்களுக்கு அது எந்த வளைவில், எந்த மாதத்தில் சிக்கும் என்று தெரியும். அவர்களை எந்த ஆய்வகம் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டது?

மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. செத்த பிறகு வரும் பணம் அது. நாங்கள் கேட்பது சாவதற்கு முன்னால் வர வேண்டிய காகிதம். உச்ச ஓட்டத்திலும் 0.6 மீட்டரை எட்டாத குழாய்கள் எவை என்ற பட்டியலை ஒவ்வொரு மாநகராட்சியும் தெருப்பெயரோடு வெளியிடட்டும். அடைப்பு வரும் முன்பே அங்கே ஜெட் இயந்திரம் போகட்டும். அதன் பிறகும் ஒரு சாவு நடந்தால், ஒப்பந்ததாரரின் பெயரோடு அந்தக் குழாயின் கணக்கைப் போடாமல் விட்ட அதிகாரியின் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் வர வேண்டும்.