சங்கத்தின் தபாலும் சங்கத்தின் பெட்டகமும்

கூட்டுறவுச் சங்கம் நம்பிக்கையின் மேல் எழுந்த கட்டடம். அந்த நம்பிக்கைக்கு அஸ்திவாரம் கணக்கு. கணக்குக்கு ஆதாரம் காகிதம். நூல் வந்ததற்குப் பட்டியல், பணம் சென்றதற்குப் பற்றுச்சீட்டு, விளைபொருள் விற்றதற்கு எடைச் சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆதாரம் இருந்தால்தான் தலைவரும் காரியதரிசியும் மகாசபையில் அங்கத்தினர் முன் நிமிர்ந்து நிற்க இயலும்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தபால்காரர் கொண்டுவந்த ஒவ்வொரு கடிதத்தையும் வரவுப் பதிவேட்டில் ஏற்றி, வரிசை எண்ணும் தேதியும் இட்டு, உரிய கட்டில் கோத்து வைத்த பின்னரே குமாஸ்தா மறுவேலை பார்ப்பார். இன்றோ கடிதம் மின்னஞ்சலாக வருகிறது. பட்டியலும் வங்கிக் கணக்குத் தாளும் அதனுடன் இணைப்பாக வருகின்றன. வரும் வழி மாறிவிட்டது. ஆனால் பதிவு செய்து கோத்து வைக்கும் பழைய ஒழுங்கைப் புதிய வழிக்கு நாம் எடுத்துச் செல்லவில்லை. இன்றைய குறை இதுவே என்பது என் அபிப்பிராயம்.

சென்ற ஆண்டு நெசவாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். இருப்புப் பதிவேட்டில் நூல் இருந்தது, கிடங்கிலும் இருந்தது, ஆனால் இரண்டு மாதங்களுக்கான கொள்முதல் பட்டியல்கள் மட்டும் கட்டில் இல்லை. விசாரித்தபோது, அவை யாவும் குமாஸ்தாவின் சொந்த மின்னஞ்சல் முகவரிக்கு வந்தவை என்று தெரிந்தது. அவரோ நோயுற்று மருத்துவமனையில் படுத்திருந்தார். கடவுச்சொல் வேறொருவருக்கும் தெரியாது. அவர் உடல் தேறிப் பட்டியல்களை எடுத்துக் கொடுக்கப் பதினொரு நாட்கள் ஆயின. அதுவரை வரவேண்டிய தொகைக்கான கோரிக்கை மனு நின்றது. அதனால் கூலிப் பட்டுவாடாவும் நின்றது. அங்கே ஒருவரும் ஒரு காசும் களவாடவில்லை. எனினும் தறியில் உட்கார்ந்து நெய்தவர் பண்டிகைக்கு முன் கூலி பெறவில்லை. களவில்லாமலே நஷ்டம் நேர்ந்தது. அதுவும் நேர்மையாக உழைத்தவருக்கே நேர்ந்தது.

இதற்குப் பரிகாரம் உண்டு, செலவும் அதிகமில்லை. மின்னஞ்சலில் வரும் இணைப்பை மனிதர் கை படாமலே எடுத்து, கிளவுட் என்னும் மேகக் கிடங்கில் உரிய அடுக்கில் சேர்த்து, மற்றொரு பிரதியைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பும் ஏற்பாடே அது. கூகுள் மின்னஞ்சலை உபயோகிக்கும் சங்கம் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்னும் வசதியால் ஒரு சிறு கட்டளைத் தொகுப்பை எழுதி, குறித்த நேரந்தோறும் இயங்க வைக்கலாம். மைக்ரோசாப்ட்டை உபயோகிப்போருக்குப் பவர் ஆட்டோமேட் உண்டு. கணினி கற்ற இளைஞர் ஒருவர் ஊரில் இருப்பின், சில நாட்களில் அமைத்துத் தரக்கூடிய வேலையே இது.

இது நேற்று முளைத்த புதுமையும் அன்று. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை மாற்றும் எஃப்டிபி என்னும் முறையின் முதல் விதிகளை 1971ஆம் ஆண்டில் எழுதியவர், கான்பூர் ஐஐடியில் பயின்று அமெரிக்கா சென்ற அபய் பூஷண் என்னும் இந்தியர். மின்னஞ்சலுடன் கோப்பை இணைக்கும் மைம் என்னும் ஒழுங்குமுறை 1992இல் வகுக்கப்பட்டது. ஆக, கருவிகள் நம்மிடம் வந்து நெடுநாளாயிற்று. அவற்றை ஒழுங்குபடுத்தும் சித்தம் மட்டுமே இதுவரை வரவில்லை.

ஆயினும் இயந்திரம் சொன்னதைச் செய்யுமேயன்றிச் சொல்லாததைச் செய்யாது. எனவே சொல்லும் முறையில் ஜாக்கிரதை வேண்டும். முதலாவது, பெயர். நூல் அனுப்புவோர் பலர் தம் கோப்புக்குப் ‘பட்டியல்’ என்றே பெயரிட்டு அனுப்புவர். இடம் மாறும்போது வந்த தேதியையும் அனுப்பினவர் பெயரையும் ஒரு வரிசை எண்ணையும் சேர்த்துப் புதுப்பெயர் சூட்டாவிடில், சில ஏற்பாடுகளில் நேற்றைய பட்டியலின் மேல் இன்றைய பட்டியல் ஏறி அதை அழித்துவிடும். இரண்டாவது, வரிசை. கோப்பு கிடங்கில் சேர்ந்தது உறுதியான பின்னரே அம்மடலுக்கு ‘முடிந்தது’ என்னும் அடையாளம் இடவேண்டும். அடையாளத்தை முன்னதாக இட்டு, நடுவில் மின்சாரமோ இணையமோ தடைப்பட்டால், அந்தப் பட்டியல் சேர்ந்ததாகவே கணக்காகிவிடும்; பின் அதைத் தேடுவார் இல்லை. மூன்றாவது, தொடர்மடல். ஜிமெயிலில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இடும் அடையாளம் தனி மடலுக்கன்றிக் கடிதத் தொடர் முழுமைக்கும் விழும். ஆகவே பழைய கடிதத்துக்குப் பதிலாகவே திருத்திய பட்டியல் வந்தால், அத்தொடர் ஏற்கெனவே முடிந்தது என்று கட்டளைத் தொகுப்பு தாண்டிச் சென்றுவிடக்கூடும். மடலுக்கு மடல் தனித்துப் பார்க்கும்படி எழுதச் செய்தல் அவசியம்.

அளவும் கருதத்தக்கது. ஜிமெயிலிலிருந்து அனுப்பும் ஒரு மடலின் வரம்பு பொதுவாக 25 எம்பி. இணைப்பை மடலில் ஏற்றும்போது அதன் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருகும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடமோ அஞ்சலுக்கும் கிடங்குக்கும் படங்களுக்கும் பொதுவானது. அது நிரம்பினால் புதிய கடிதம் வந்து சேராது. ஆண்டுக்கு ஒருமுறை இருப்பை எண்ணிப் பார்ப்பதுபோல், இந்த இடத்தையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி, பாதுகாப்பு. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் காதல் கடிதம்போல் வேடமிட்டு வந்த ஓர் இணைப்பு உலகமெங்கும் கணினிகளைக் கெடுத்ததைப் பலர் நினைவிற் கொண்டிருப்பர். ஆகவே, அறிந்த முகவரிகளிலிருந்து வருவதையும், பிடிஎஃப், எக்ஸெல் போன்ற அறிந்த வகைகளையும் மட்டுமே இயந்திரம் எடுக்கட்டும். மற்றவை காரியதரிசி பார்க்கும்வரை தனியே காத்திருக்கட்டும். தொலை சர்வருக்கு அனுப்புவதிலும் பழைய எஃப்டிபி முறை கடவுச்சொல்லை மறைக்காமல் திறந்த அஞ்சலட்டைபோல் அனுப்பும். அதைத் தவிர்த்து, மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபி முறையையே கைக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இயந்திரம் காகிதத்தைக் கோத்து வைக்கலாம், காகிதத்தை ஒப்புக்கொள்ளலாகாது. பட்டியல் அடுக்கில் சேர்ந்தது என்பதனாலேயே சரக்கு வந்தது என்று ஆகிவிடாது. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்கில் பணம் செலுத்துக’ என்று மடல் வந்தால், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் உரியவரிடம் நேரே கேட்டறியாமல் ஒரு ரூபாயும் அனுப்பலாகாது. நூலை நிறுத்துப் பார்ப்பதும், கையொப்பமிடுவதும், அங்கத்தினருக்குப் பதில் சொல்வதும் என்றும் மனிதர் பொறுப்பே.

‘நம் கணக்கை அயலாரின் இயந்திரத்தில் வைப்பதா?’ என்று பெரியோர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆனால் மின்னஞ்சலில் வந்த காகிதம் இப்போதே அயலாரின் இயந்திரத்தில்தான் கிடக்கிறது; ஒழுங்கின்றிக் கிடக்கிறது என்பதே வேறுபாடு. சங்கத்தின் ஆதிக்கத்திலுள்ள இடத்தில் மற்றொரு பிரதி இருப்பின் அந்த அச்சம் பெரிதும் நீங்கும். அந்தப் பிரதி வெறும் கண்ணாடி நிழலாகவும் இருத்தலாகாது. ஓரிடத்தில் அழித்தால் மற்றோரிடத்திலும் தானே அழியுமாறு அமைந்தது காப்புப் பிரதி ஆகாது. அங்கத்தினரின் ஆதார் எண்ணும் வங்கி விவரமும் உள்ள கோப்புகளை, இணைப்பு முகவரி கிடைத்தவர் எவரும் திறக்கும்படி விட்டுவைப்பதும் துரோகமே.

‘குமாஸ்தாவின் வேலை போய்விடுமே’ என்பார் வேறு சிலர். நான் அங்ஙனம் கருதவில்லை. தேடுவதில் கழியும் அவருடைய பொழுது சரிபார்ப்பதில் கழியும். மேற்சொன்ன சங்கத்தில் நோயுற்ற மனிதரைப் படுக்கையில் சென்று தொந்தரவு செய்யவேண்டி நேர்ந்ததே, அதுவன்றோ கொடுமை!

சட்டமும் இத்திசையிலேயே செல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது சான்றிதழும் தரவேண்டும். அதன் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்கவேண்டும். ஹாஷ் என்பது கோப்புக்குக் கைரேகை போன்றது. ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். கோப்பு வந்த அன்றே அதைக் குறித்து வைத்தால், பின்னர் எவரும் திருத்தவில்லை என்று காட்ட அது உதவும். 2022இல் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் கணினி வந்தால் மட்டும் ஒழுங்கு வந்துவிடாது. ஒழுங்கை நாமே கொண்டுவர வேண்டும்.

ஆதலின் ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் ஒரு தீர்மானம் நிறைவேற்றுவதாக. சங்கத்தின் தபால் சங்கத்தின் பெயரிலுள்ள முகவரிக்கே வரவேண்டும்; அதைத் திறக்கும் உரிமை குறைந்தது இரு பொறுப்பாளரிடம் இருக்கவேண்டும்; இயந்திரம் சேர்த்த கோப்புகளின் எண்ணிக்கையை மாதம் ஒருமுறை வந்த மடல்களோடு ஒத்துப் பார்க்கவேண்டும்; காப்புப் பிரதியிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுத் திறந்து பார்க்கவேண்டும்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த மகாசபையில் எழுந்து, ‘நம் சங்கத்தின் பட்டியல்கள் எங்கே இருக்கின்றன? குமாஸ்தா நாளை வராவிட்டால் அவற்றை எடுத்துக் கொடுப்பவர் யார்?’ என்று கேளுங்கள். உடனே விடை வந்தால் மகிழ்ந்து அமருங்கள். வராவிட்டால், விடை வரும்வரை அமராதீர்கள். அந்தக் காகிதம் காரியதரிசியுடையதும் அன்று, குமாஸ்தாவுடையதும் அன்று, நெய்தவருடையது, விளைவித்தவருடையது.