கான்டனீஸ் பேசுற பாட்டிக்கு இங்கிலீஷ் டெஸ்ட் போதுமா?

கொஞ்சம் நீளமான த்ரெட். பேச்சும் மூளையும் பத்தி. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

1.
ஹாங்காங்ல ஒரு பாட்டின்னு வச்சுக்குங்க. பக்கவாதம் வந்து மூணு வாரம் ஆச்சு. பேச்சு கொஞ்சம் கொஞ்சமா திரும்புது. மகன் கேக்குறார்: "அம்மா, உங்க பேர்ல இருக்குற அந்த ஷேரை என்ன பண்ணலாம்?" பாட்டி ஒரே ஒரு அசையில பதில் சொல்றாங்க: "மாய்."

2.
இதுல ஒரு சிக்கல். கான்டனீஸ்ல "மாய்"ன்னா வாங்குறது. "மாய்"ன்னா விக்கிறதும்தான். எழுத்துப்பிழை இல்ல, ரெண்டுக்கும் ஒரே மெய், ஒரே உயிர். குரல் கீழே தொடங்கி மேலே ஏறினா "வாங்கு". ஏறாம கீழேயே நேரா நின்னா "வில்". பாட்டி எதைச் சொன்னாங்க?

3.
நாமளும் பேசும்போது குரலை ஏத்தி இறக்குறோம். "வந்துட்டானா", "வந்துட்டானாஆ?" மாதிரி. ஆனா அதனால வாக்கியத்தோட உணர்ச்சி மாறும், கேள்வியா பதிலான்னு மாறும். "பால்"ங்கிற சொல்லை எந்தச் சுருதியில சொன்னாலும் பால்தான். கான்டனீஸ்ல அப்படி இல்ல. அங்க சுருதி சொல்லுக்குள்ளேயே இருக்கு.

4.
பாடப்புத்தகத்துல வர்ற உதாரணம் "ஸி". உயரத்துல நேரா சொன்னா கவிதை. உயரத்துக்கு ஏத்தினா வரலாறு. நடுவுல நேரா நின்னா முயற்சி. கீழே இறக்கினா நேரம். கீழேருந்து கொஞ்சம் ஏத்தினா சந்தை. கீழேயே நேரா நின்னா விஷயம். மொத்தம் 6 சுருதி. ப், ட், க்-னு முடியுற அசைகளைத் தனியா எண்ணுற பழைய முறையில 9.

5.
இதை எல்லாம் செய்றது தொண்டையில இருக்குற குரல்நாண்கள். அதை இழுத்து விறைப்பாக்க கிரிக்கோதைராய்டுன்னு ஒரு சின்னத் தசை. இழுத்தா சுருதி ஏறும், தளர்ந்தா இறங்கும். ஹாங்காங், மக்காவ், குவாங்டோங் பக்கம் ஒருத்தர் சாதாரணமா ஒரு டீ சொல்றதுக்கே இந்தத் தசை ஒவ்வொரு அசைக்கும் கணக்கா வேலை செய்யணும்.

6.
இப்போ நம்ம மருத்துவத்துக்கு வருவோம். மூளை, நரம்பு பாதிச்சா பேச்சு கெடுறதைப் பெரும்பாலும் மூணாப் பிரிப்போம்.
அஃபேசியா: மொழியே சிதையுறது. சொல் வராது, இல்ல புரியாது.
டிசார்த்ரியா: மொழி நல்லா இருக்கும், பேசுற தசைகள் சொன்னபடி கேக்காது.
அப்ராக்ஸியா: தசையிலயும் பலம் இருக்கும், ஆனா எந்த அசைவுக்கு அப்புறம் எதுன்னு மூளை போடுற திட்டம் குழம்பிடும்.

7.
இந்தப் பிரிவுகள் எங்கேருந்து வந்துச்சு? 1861ல பாரிஸ்ல ப்ரோக்கா. 1874ல ஜெர்மன்காரர் வெர்னிக்கே. டிசார்த்ரியாவை இன்னைக்கும் நாம வகைப்படுத்துற முறைக்கு அடித்தளம் 1969ல அமெரிக்காவின் மேயோ கிளினிக்ல டார்லி, ஆரன்சன், ப்ரௌன் மூணு பேரும் போட்டது. 212 நோயாளிகளோட பேச்சைக் கேட்டு, 38 தன்மைகளுக்கு மதிப்பெண் போட்டாங்க. அபாரமான வேலை. ஆனா கேட்டது இங்கிலீஷ் பேச்சு.

8.
"அதனால என்ன டாக்டர்? மூளை எல்லாருக்கும் ஒண்ணுதானே? அந்த டெஸ்டை மொழிபெயர்த்துக் கொடுத்தா முடிஞ்சது"ன்னு கேப்பீங்க. எங்க துறையிலயே பல பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. இது தப்புன்னு சொல்லத்தான் இந்த த்ரெட். மூளை ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு மொழியும் அர்த்தத்தை வேற வேற இடத்துல வச்சிருக்கு. நோய் அந்த இடத்தைத் தொடுதான்னு பார்க்காம டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம்?

9.
ஒரு உதாரணம். ப்ரோக்கா வகை அஃபேசியாவுல இங்கிலீஷ்காரர் சொல்லோட வாலை விட்டுடுவார். "வாக்ட்" வரவேண்டிய இடத்துல "வாக்". "புக்ஸ்"க்கு பதிலா "புக்". இலக்கணம் உடைஞ்சதுக்கு இதுதான் முக்கிய அடையாளம்னு படிச்சிருக்கோம். கான்டனீஸ் வினைச்சொல்லுக்கு அப்படி வாலே கிடையாது. நேத்து, இன்னைக்கு, நான், அவன் எல்லாத்துக்கும் வினை ஒரே உருவம். அப்போ இந்த அடையாளத்தைத் தேடினா "இவருக்கு இலக்கணம் நல்லா இருக்கு"ன்னு எழுதிட்டுப் போயிடுவோம்.

10.
தேட வேண்டியது வேற இடத்துல. கான்டனீஸ்ல எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவுல ஒரு அளவுச்சொல் கட்டாயம் வரணும். நாம "மூணு பேர்"னு சொல்றோமே, கிட்டத்தட்ட அது மாதிரி, ஆனா எல்லாப் பொருளுக்கும். நாய்க்கு "ஜெக்", புத்தகத்துக்கு "புன்", மனுஷனுக்கு "கோ". நோயாளி இதை விட்டுட்டுப் பேசினாலோ, எல்லாத்துக்கும் பொதுவா "கோ"வையே போட்டாலோ காது கொடுத்துக் கேக்கணும். வாக்கியக் கடைசியில ஒட்டுற சின்னச் சின்ன அசைகளும் அப்படித்தான். இங்கிலீஷ் டெஸ்ட்ல இதுக்கெல்லாம் கட்டமே கிடையாது.

11.
ஹாங்காங் ஆட்கள் இதைப் புரிஞ்சுக்கிட்டாங்க. கனடாவுல கெர்டெஸ் உருவாக்கிய வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரியை எட்வின் யூ 1992ல கான்டனீஸுக்குத் தகுந்த மாதிரி மாத்தி அமைச்சார். பிறகு ஆன்தனி கோங், சாம்-போ லா குழு அஃபேசியா உள்ளவங்க, இல்லாதவங்க ரெண்டு தரப்போட பேச்சையும் பதிவு பண்ணி ஒரு பெரிய சேமிப்பே உருவாக்கினாங்க.

12.
அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. இங்கிலீஷ் சேமிப்புல நோயாளியை சிண்ட்ரெல்லா கதை சொல்லச் சொல்வாங்க, வேர்க்கடலை வெண்ணெய்யும் ஜெல்லியும் வச்சு சாண்ட்விச் எப்படிச் செய்றதுன்னு கேப்பாங்க. ஹாங்காங்ல அதை ஆமையும் முயலும் கதையாவும், முட்டை ஹாம் சாண்ட்விச்சாவும் மாத்திட்டாங்க. சின்ன மாற்றம்தான். ஆனா வாழ்நாள்ல செய்யாத சாண்ட்விச்சைப் பத்திக் கேட்டு ஒரு பாட்டி திணறினா, அதுக்குக் காரணம் பக்கவாதமா, நம்ம கேள்வியா?

13.
இப்போ சுருதிக்கு வருவோம். பார்கின்சன் நோய்ல குரல் சன்னமாகும், ஏற்ற இறக்கம் போயி ஒரே மட்டமா ஆகும். அப்படின்னா கான்டனீஸ்காரருக்கு 6 சுருதியும் கலந்து பேச்சே புரியாமப் போகணும், இல்லையா? மேசையில உக்காந்து யோசிச்சா அப்படித்தான் தோணும். ஹாங்காங் பல்கலைக்கழகத்துல டாரா வைட்ஹில், ஜோன் மா போன்றவங்க உக்காந்து கேட்டு, அளந்து பார்த்தாங்க. அடி வாங்குறது முக்கியமா வாக்கியத்தோட ஏற்ற இறக்கம். கேள்வி கேட்டாலும் பதில் மாதிரி விழுது. சொல்லுக்குள்ள இருக்குற சுருதி அதைவிட நல்லாவே தாக்குப்பிடிக்குது.

14.
சரி, அப்போ சுருதி பத்திக் கவலை வேண்டாமா? பெருமூளை வாதத்தோட பிறந்து டிசார்த்ரியா உள்ளவங்களைக் கேட்டப்போ கதை வேற. அங்க சொல்லோட சுருதியே தடுமாறுது, கேக்குறவங்க ஒண்ணை இன்னொண்ணா எடுத்துக்கிறாங்க. அதே மொழி, அதே தொண்டை. நோய் மாறினா உடையுற இடம் மாறுது. இங்கிலீஷ் பேசுறவங்களை மட்டும் ஆயிரக்கணக்குல பார்த்தாலும் இது தெரிஞ்சிருக்குமா?

15.
சிகிச்சைக்கும் இதே கதைதான். பார்கின்சன் நோயாளிகளுக்கு எல்எஸ்விடின்னு அமெரிக்காவுல உருவான குரல் பயிற்சி இருக்கு. வாரம் 4 நாள், 4 வாரம், "சத்தமா பேசுங்க" அப்படிங்கிற ஒரே இலக்கு. சத்தத்தை ஏத்தினா சுருதியும் கூடவே ஏறும்கிறது நமக்கே தெரியும், கத்திப் பாருங்க. அப்போ இந்தப் பயிற்சி கான்டனீஸ் சொற்களைக் குழப்பிடாதா? நியாயமான பயம்.

16.
2011ல வைட்ஹில் குழு கான்டனீஸ் பேசுற 12 பார்கின்சன் நோயாளிகள்கிட்ட இதை அளந்தாங்க. சத்தம் கூடுச்சு. வாக்கிய ஏற்ற இறக்கம் முன்னேறுச்சு. சொல்லோட சுருதியில மாற்றம் தெரியல. அதாவது கெடுக்கவும் இல்ல, தனியா சரி பண்ணவும் இல்ல. ஒரு ஸ்பீச் தெரபிஸ்டுக்கு இந்த மூணு வரி போதும், தைரியமா ஆரம்பிக்கலாம். சுருதியே தடுமாறுற நோயாளிக்கு இது மட்டும் பத்தாதுன்னும் தெரிஞ்சுக்கலாம்.

17.
"வெறும் 12 பேரா?"ன்னு கேக்குறவங்களுக்கு: ஆமா, கம்மிதான். அதுக்கு அர்த்தம் இன்னும் 120 பேர்கிட்ட செய்யணும்கிறது. செய்யவே வேண்டாம்கிறது இல்ல. இந்த ஆராய்ச்சியெல்லாம் பெரிய மருந்து கம்பெனி பணம் கொட்டுற விஷயமும் இல்ல. ஒரு அறை, ஒரு மைக், அந்த மொழியைத் தாய்மொழியாக் கேக்குற காது. இந்த மூணாவதுதான் கிடைக்கிறது கஷ்டம்.

18.
என் கருத்து இதுதான். இங்கிலீஷ்ல கண்டுபிடிச்சது எல்லாம் நமக்குப் பொருந்தாதுன்னு சொல்றது வீம்பு. எல்லாம் அப்படியே பொருந்தும்னு சொல்றது சோம்பேறித்தனம். எது பொருந்தும், எது பொருந்தாதுன்னு அந்தந்த மொழிக்காரங்க உக்காந்து கேட்டாத்தான் தெரியும். கான்டனீஸ்காரங்க அதைத்தான் செஞ்சாங்க. பாதி இடத்துல நாம நினைச்சது தப்புன்னு வந்துச்சு.

19.
நம்ம ஊர் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை, எனக்கும் சேர்த்துத்தான். கேஸ் ஷீட்ல "பேச்சு குழறல்"னு ரெண்டு வார்த்தை எழுதி முடிச்சுடுறோம். என்ன குழறுது? சொல்லா, ஒலியா, இலக்கணமா? வந்தான், வந்தாள், வந்தார்னு வினை முடிவுலயே ஆளைச் சொல்ற மொழி நம்மளுது. அது போனா நோயாளி யாரைப் பத்திப் பேசுறார்னே தெரியாது. அதைக் கேக்க ரெண்டு நிமிஷம் ஆகும்.

20.
குடும்பத்தாருக்கு மூணு விஷயம்.
ஒண்ணு: பேச்சு திடீர்னு மாறினா, முகம் கோணினா, ஒரு பக்கக் கை தளர்ந்தா உடனே ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு முதல் நாலரை மணி நேரம்தான் கணக்கு.
ரெண்டு: அவங்க நல்லா இருந்தப்போ எந்த மொழியில, எப்படிப் பேசுவாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. போன்ல பழைய வீடியோ இருந்தா காட்டுங்க.
மூணு: வீட்டு மொழியிலயும் சோதிச்சுப் பாருங்கன்னு கேளுங்க. கேக்குறது உங்க உரிமை.

21.
முதல்ல சொன்ன பாட்டிக்கு வருவோம். அவங்க சொன்னது "வாங்கு"வா "வில்"லான்னு நமக்குத் தெரியாது. பக்கத்துல இருக்குற தெரபிஸ்ட் கான்டனீஸ் தெரிஞ்சவரா இருந்தா, இந்த ரெண்டு சுருதியும் கலக்கும்னு தெரிஞ்சவரா இருந்தா, ஒரு காகிதத்துல ரெண்டு எழுத்தையும் எழுதி "எதும்மா?"ன்னு காட்டுவார். பாட்டி விரலை வச்சுடுவாங்க. அவ்வளவுதான். ஷேர் தப்பா விக்காது, பாட்டிக்கு புத்தி கெட்டுப்போச்சுன்னு மகனும் நினைக்கமாட்டார்.

உங்க வீட்டுல யாருக்காவது பக்கவாதத்துக்கு அப்புறம் பேச்சு மாறியிருந்தா, எது முதல்ல போச்சு, எது முதல்ல திரும்பி வந்துச்சுன்னு கீழே எழுதுங்க. படிக்கிறேன்.