பட்டுவாடா என்றால் ஓட்டுக்குக் காசா?

தேர்தல் வந்தால் போதும், பேப்பரிலும் டிவியிலும் தினம் ஒரு வார்த்தை அடிபடும். பணப்பட்டுவாடா. டவுனில் வளர்ந்த பிள்ளைகளிடம் பட்டுவாடான்னா என்னன்னு கேட்டுப் பாருங்கள். ஓட்டுக்குக் காசு கொடுக்கிறதுன்னுதான் சொல்லும். சென்னையில் படிக்கிற என் தங்கச்சி மகனும் அப்படித்தான் சொன்னான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது, அவன் காதில் விழுந்தது அது ஒண்ணுதான்.

எங்க பக்கம் இந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை உண்டுங்க. கரும்பு மில் பணம் போட்டால் பட்டுவாடா. பால் சொசைட்டியில் பால் காசு கொடுக்கிறது பட்டுவாடா. செங்கல் சூளையில் சனிக்கிழமை சாயந்தரம் வாரக்கூலி பட்டுவாடா. தபால்காரர் கடுதாசியும் மணியார்டரும் வீடு வீடாகக் கொடுக்கிறதுகூட பட்டுவாடாதான்.

எல்லாப் பணம் கொடுப்பதையும் அப்படிச் சொல்லிவிட மாட்டோம். உரக்கடை பாக்கியைக் கொடுத்தால் 'பணம் கட்டிட்டேன்' என்போம். கடன் என்றால் 'அடைச்சிட்டேன்'. நாத்து நட வந்த நாலு பேருக்கு நான் சாயந்தரம் கொடுப்பது கூலி, அதைப் போய் பட்டுவாடான்னு சொன்னால் அந்தப் பொம்பளைங்களே சிரிப்பாங்க. நிறைய பேருக்கு, பேர்வாரியாக, நோட்டில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு கொடுத்தால்தான் அது பட்டுவாடா. முக்கியமானது இன்னொண்ணு இருக்கு. அந்தக் காசு ஏற்கனவே வாங்குகிறவனுடையது. அவன் பாலை ஊத்திட்டான், கல்லை அறுத்துட்டான், கரும்பை ஏத்தி அனுப்பிட்டான். கொடுக்கிற ஆள் சும்மா பிரித்துத் தருகிறவர், அவ்வளவுதான். அதனால் கொடுக்கிற கை மேலேயும் இல்லை, வாங்குகிற கை கீழேயும் இல்லை.

வார்த்தை என்னவோ வடக்கேயிருந்து வந்ததுதான். இந்தியில் பங்கு பிரிப்பதை 'பட்வாரா' என்கிறார்கள், அந்தக் குடும்பம். வசூல், பாக்கி, ஜமாபந்தி, தாசில்தார் மாதிரி கச்சேரிக் கணக்கோடு வந்து ஊரில் தங்கிவிட்டது. தமிழ் இல்லைன்னு எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வருத்தம் வேற. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை ரத்து செய்தார்கள். 2019-ல் வேலூர். காரணம் எல்லாம் ஒண்ணுதான், செய்தியில் அதற்கு வைத்த பேரும் பணப்பட்டுவாடாதான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171பி பிரிவு, இப்போதைய புதுச் சட்டத்தில் 170. ரெண்டிலும் அதன் பேர் லஞ்சம். கொடுத்தாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம்.

பேர் மாறினால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். கெட்டுத்தான் போச்சு. ஓட்டுக்கு முந்தின ராத்திரி 'நம்ம தெருவுக்கு இன்னும் பட்டுவாடா ஆகலையா'ன்னு வெளிப்படையா கேட்கிறாங்க. விட்டுப்போன வீட்டுக்காரர் சண்டைக்கே போகிறார், தனக்கு வரவேண்டிய பாக்கி மாதிரி. 'லஞ்சம் இன்னும் வரலையே'ன்னு அதே ஆள் தெருவில் நின்று கேட்பாரா? வாய் வராது. பட்டுவாடான்னு சொன்னதும் கூச்சம் போய் உரிமை மாதிரி ஆகிவிடுகிறது. பேர்வாரியா லிஸ்ட்டு, வீட்டுக்கு இத்தனை ஓட்டுன்னு கணக்கு, எல்லாம் அசல் பட்டுவாடா மாதிரியே நடக்கிறது. கையெழுத்து மட்டும்தான் கிடையாது!

அசல் பட்டுவாடா கதையைக் கேளுங்கள். கரும்பு கட்டுப்பாட்டு ஆணை 1966-ல் போட்டது. கரும்பு மில்லுக்குப் போன 14 நாளில் பணம் கொடுக்கணும், தவறினால் வருசத்துக்கு 15 சதவீதம் வட்டி என்று அதில் இருக்கிறது. நான் கரும்பு போட்ட ஒரு மில் ஒரு வருசம் பதினொரு மாசம் கழித்துக் கொடுத்தது, அதுவும் ரெண்டு தவணையாக. வட்டின்னு ஒரு பைசா வரவில்லை. வெட்டின ஆளுங்களுக்கு வெட்டுக்கூலியை அன்னன்னைக்கே கொடுத்தாக வேண்டும், அதற்கு நகையை வைத்தேன். அந்த வட்டி மட்டும் நாள் தவறாமல் ஏறியது. பணம் கேட்டுப் போனால் ஆபீசில் 'பார்க்கலாம், போங்க' என்பார்கள். நம்ம காசைக் கேட்க நாம கையைக் கட்டிக்கிட்டு நிற்கணும்.

இதற்குப் பேப்பரில் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? 'நிலுவைத் தொகை'. ஓட்டுக்குக் காசு என்றால் பட்டுவாடா, கரும்புக்குக் காசு என்றால் நிலுவை.

செய்தி எழுதுகிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், அடுத்த தேர்தலில் 'ஓட்டு லஞ்சம்' என்றே எழுதுங்கள். ஒரு எழுத்து குறைச்சல்தான் ஆகும். அப்படியே மில் வாசலிலும் போய் 14 நாள் கணக்கைக் கேட்டு எழுதுங்கள். போன சீசன் பட்டுவாடா தேதியை இன்னும் எங்க மில் போர்டில் போடவில்லை.